மாமன் மடி

என் காதுகுத்துக்கு வந்த தாய்மாமனை எங்கள் சனம் கோயில் வாசலிலேயே நிறுத்தியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

மாமா திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மூத்திரப் பாதையும் கிழிந்துபோனது. அடுத்த ஆபரேஷன் வரைக்கும் அடிவயிற்றில் துளைபோட்டு ஒரு டியூப் வைத்திருந்தார்கள். அதன் மறுமுனையில் பிளாஸ்டிக் பை. அதைத் துணிப்பைக்குள் மறைத்துக் கையில் தாழ்வாகப் பிடித்தபடி, மறுகையில் கம்பு ஊன்றி நடப்பார்.

எனக்கு அப்போது ஏழு வயது. கோலியனூரில் எங்கள் குலதெய்வக் கோயிலில், ஆசாரி தங்கக் கம்பியோடு தயாராக இருந்தார். மாமா பஸ் பிடித்து, புதுச் சட்டையில் வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, வழியை மறித்தார்.

"சாமி முன்னாடி மூத்திரப் பையத் தூக்கிக்கினு வரலாமா? தீட்டு இல்ல?"

"உங்க வயித்துல மட்டும் பன்னீரா இருக்குது, அண்ணி?" என்றாள் அம்மா.

அப்பா பந்தல் கயிற்றின் முடிச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் அவருடைய பங்காளி ஒருவர், வேட்டியைத் தட்டிவிட்டு, மாமனுக்குப் போட்ட மணையில் உட்கார்ந்தேவிட்டார். பங்காளி எப்படித் தாய்மாமன் ஆவார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"உடும்மா, சண்ட வேணாம். நான் இங்கியே நிக்கிறேன்" என்றார் மாமா. பிறகு குரலைத் தணித்து, "பை காலியாத்தான் இருக்குது. ரெண்டு நாளா தண்ணியே குடிக்கல" என்றார்.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். செருப்பு கிடந்த இடத்தில் மாமாவை உட்காரவைத்து, அவர் மடியில் என்னை இறக்கினாள். ஆசாரி தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அங்கேதான் எனக்குக் காது குத்தினார்கள். வலியில் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

கம்பியை முறுக்கி முடிக்கும் முன்பே மாமா சரிந்துவிட்டார். ஆட்டோவில் விழுப்புரத்துக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா டியூபைப் பார்த்ததும் சத்தம் போட்டார்: "அடச்சிக்கினு இருக்குது பாருங்க! டியூப் வச்சவங்க தண்ணி நெறைய குடிக்கணும்னு சொல்லித்தான அனுப்புறோம்? இவர யாரு குடிக்க வேணாம்னது?"

மாமா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பின்னாலேயே வந்திருந்த அத்தை, வெயில் அதிகம் என்றார்.

கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்ததாம். மாமா பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை.

நானோ புதுத் தோட்டை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன்: எங்க மாமா எனக்காகத் தண்ணிகூடக் குடிக்காம விரதம் இருந்தாரு என்று. சாமிக்குப் பயந்து இருப்பதுதான் விரதம் என்று எனக்குத் தெரியும். மாமா பயந்தது எங்களுக்கு என்பது தெரியாது.