முயலுக்கு முட்டி எங்கே

ஐந்தாம் வகுப்பில் நான் வரைந்த முயலுக்கு முட்டி பின்பக்கமாக மடங்கியிருக்கிறது என்று எங்கள் குடியிருப்பே ஒரே குரலில் சொன்னது. அப்பா சொன்னார். மேல் வீட்டு ஆன்ட்டி சொன்னார். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண், நான் கேட்காமலேயே சொன்னாள். நான் மட்டும் சரிதான் என்று அடம்பிடித்தேன். ஏன் சரி என்று கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. பிடிவாதத்தில் நான் அப்படித்தான். இன்றைக்கும் அதில் பெரிய முன்னேற்றம் இல்லை.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சன்னிவேலில், எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்ச தூரம் சைக்கிளில் போனால் வளைகுடா ஓரத்து நடைபாதை வந்துவிடும். அங்கே காய்ந்த புல்லுக்குள் நீளக் காது முயல்கள் உண்டு. ஆள் கிட்டே போகும்வரை மண்ணாங்கட்டி மாதிரி அசையாமல் இருக்கும்; அப்புறம் ஒரே பாய்ச்சல். அந்த வருடம் பள்ளிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று முடிவானபோது, பிள்ளைகள் ஓட்டுப் போட்டு இந்த முயலைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதை யார் எப்படி வரைவது என்பதற்கு ஒரு போட்டி வைத்தார்கள். முயல் மனிதரைப் போல இரண்டு காலில் நிற்க வேண்டும். விளையாட்டு விழாவில் ஒரு ஆள் அந்த வேஷத்துக்குள் புகுந்து மைதானத்தைச் சுற்றி வர முடிய வேண்டும். கடைசிச் சுற்றுக்கு வருபவர்கள் மேடையேறித் தங்கள் முயலைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

எனக்கு அதில் ஜெயித்தே ஆகவேண்டியிருந்தது. முந்தைய வருடம் நான் வரைந்த யானையைப் பார்த்து, சோபா அழகாக இருக்கிறது என்று பாராட்டிய பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். வகுப்பிலேயே நன்றாக வரைபவன் அவன்தான் என்பது கூடுதல் எரிச்சல். அவனுடைய முயல், தினமும் ஜிம்முக்குப் போகும் ஒரு ஆள் தலையில் இரண்டு காதை ஒட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல இருந்தது. தோள், மார்பு, தொடை எல்லாம் மனிதனுடையவை. ஆனாலும் பார்க்க அசத்தலாக இருந்தது. அவனைத் தோற்கடிக்காமல் ஆறாம் வகுப்புக்குப் போவதில்லை என்று நான் மனதுக்குள் சத்தியமே செய்திருந்தேன்.

அப்பா மென்பொருள் வேலை பார்ப்பவர். உலகத்தில் எது கோணலாக இருந்தாலும் அவருக்கு அது ஒரு பக், நிரலில் புகுந்த பிழை. என் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

“டிசைன் சூப்பர் கண்ணு. கால்ல மட்டும் ஒரு சின்ன பக் இருக்கு. முட்டி ரிவர்ஸ்ல போகுது பாரு.”

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, முட்டி எந்தப் பக்கம் மடங்கும் என்று மூன்று தடவை செய்து காட்டினார். பிறகு எனக்கு உதவுகிற நல்ல எண்ணத்தில் ரப்பரை எடுத்தார்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா அவளுடையது. அதில் அவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பள்ளியிலிருந்து வரும் படிவங்களில் தாயின் தொழில் என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் ஒரு கோடு போடுவாள். ஊரில், நாமக்கல் பக்கம், அவள் கால்நடை டாக்டராக இருந்தவள் என்று விருந்துகளில் அப்பா பேச்சை எடுப்பார். அம்மா உடனே, இப்ப எதுக்குங்க அது என்று சொல்லி, வந்தவர்களுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிடுவாள். எனக்கோ தமிழ்ப் பள்ளியின் தயவில் கால் என்றால் என்னவென்று தெரியும். நடை என்றால் என்னவென்றும் தெரியும். இரண்டையும் கூட்டி, என் அம்மா மனிதர்களின் காலையும் நடையையும் சரிசெய்கிற டாக்டர் என்று முடிவுகட்டிவிட்டேன். யாரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளவில்லை. அவ்வளவு தெளிவான சொல்லில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ரப்பர் காகிதத்தைத் தொடப்போன நேரத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஏங்க, அதைக் கீழ வைங்க. அது முட்டி இல்ல, குதிகால்.”

குதிகால் என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். குதிக்கிற கால் என்று எடுத்துக்கொண்டேன். முயல் குதிக்கிறது, ஆகவே குதிகால். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் அப்பாவுக்குத்தான். அம்மா எங்கள் இருவரையும் எழுந்து நுனிக்காலில் நிற்கச் சொன்னாள். அப்பா அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க. இப்ப உங்க பாதத்துல பின்பக்கம் தரையை விட்டு மேல நிக்குதே, அதான் குதிகால். அதை இன்னும் ஒரு சாண் மேல தூக்கிக்கிட்டா ஓடுற முயலோட காலு. அதுக்கு முட்டி வயித்துக்கிட்ட, ரோமத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு.”

உட்காரும்போது முயல் முழுப் பாதத்தையும் மண்ணில் வைத்துக்கொள்ளும், ஓடும்போது குதிகாலைத் தூக்கிவிடும் என்றாள். பின்னாலிருந்து துரத்தியவையெல்லாம் சேர்ந்து செதுக்கிய கால் அது. மெதுவாக ஓடியவை பிழைக்கவில்லை, ஓடிப் பிழைத்தவை குட்டி போட்டன, அந்தக் குட்டிகளுக்குக் கால் நீண்டது. “எத்தனையோ லட்சம் வருஷம் பயந்து ஓடி ஓடி வாங்குன காலு. நீங்க ரப்பர் வச்சு அழிக்கப் பாக்குறீங்க” என்றாள். அப்பா ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கால் தப்பியது. ஆனால் அன்றைக்கே எனக்கும் அம்மாவுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. நான் முயலின் இரண்டு கண்களையும் முகத்தின் முன்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். கண்கள் முன்னால் இருந்தால்தானே சிரிக்கிற முகம் வரும்? அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. துரத்திப் பிடிக்கிற பிராணிக்குத்தான் கண் முன்னால் வேண்டும். தப்பித்து ஓடுகிற பிராணிக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நான் வரைந்திருப்பது காது நீண்ட பூனை என்றாள். பக்கவாட்டில் வைத்தால் மீன் மாதிரி இருக்கும் என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் தமிழில் கத்தினாள். கடைசியில் முயலின் தலையை லேசாகத் திருப்பி, ஒரு கண்ணைப் பெரிதாகவும் மற்றதை மூக்குக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதாகவும் வரைந்தேன். நாம் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு திருட்டு முகம் வந்துவிட்டது. சண்டை அதோடு முடிந்தது.

உள்ளங்காலில் நான் வைத்திருந்த ரோஜா நிற மெத்தைகளை எடுக்கச் சொன்னாள். முயலுக்கு அங்கே ரோமம்தான். காதுகளின் உட்புறம் நரம்பு ஓடவிடச் சொன்னாள். உடம்புச் சூடு அது வழியாகத்தான் வெளியேறுமாம். கட்டைவிரலையும் எடுக்கச் சொன்னபோது நான் விடவில்லை. பள்ளிக்கொடியை அது எதால் பிடிக்கும்? அம்மா, சரி, கொடி பிடிக்கிற முயல்தானே, வச்சுக்கோ என்று இறங்கிவந்தாள். அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் குழம்பு இரண்டு முறை அடிபிடித்தது. யாரும் குறைசொல்லவில்லை.

என் முயலும் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. போட்டியன்று மதியம் பள்ளி அரங்குக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். சோபா பையன் முதலில் பேசினான், நல்ல கைதட்டல் வாங்கினான். அடுத்து நான். படத்தைப் பலகையில் மாட்டியதுமே யாரோ சிரித்தார்கள். நடுவர்கள் மூன்று பேர்: தலைமை ஆசிரியை, ஓவிய ஆசிரியை, நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கும் ஒரு பெண்மணி. வேஷத்தைத் தைக்கப்போகிறவர் அவர்தான் என்பதால் அவர் சொல்லுக்குத்தான் எடை. முகம் பிரமாதம் என்றார். பிறகு வருத்தத்தோடு, முட்டி பின்பக்கம் மடங்குகிற கால்சட்டைக்குள் எந்த மனிதரையும் தன்னால் நுழைக்க முடியாது என்றார்.

என் காது சூடாகிவிட்டது. அது முட்டி இல்லை, குதிகால் என்றேன். குதிகாலுக்கு ஆங்கிலம் தெரியாததால் குதிக்கிற கால் என்று மொழிபெயர்த்தேன். சிரிப்பு கூடியது. எல்லாம் போயிற்று என்று தோன்றிய அந்த நொடியில் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். என் அம்மா டாக்டர், கால்களுக்கும் நடைக்குமான டாக்டர், வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த அப்பா போனைக் கீழே இறக்கினார். கம்பெனியின் சர்வர் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்ட மாதிரி முகம். அம்மா சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். பல்பொருள் கடையில் பணம் கட்டும் இடத்தில்கூட என்னை முன்னால் தள்ளிப் பேசவிடுகிறவள் அவள்.

எழுந்தாள். மேடைக்கு வந்து, ஓரத்தில் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். தான் டாக்டர்தான், ஆனால் மனிதர்களுக்கு இல்லை, மாடு, ஆடு, கோழிகளுக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மகள் ஒரு சொல்லைத் தன் இஷ்டத்துக்கு மொழிபெயர்த்துவிட்டாள் என்றும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாட்டு டாக்டரா? இத்தனை நாள் நான் நம்பிக்கொண்டிருந்த ஒரே சாட்சி, இத்தனை பேர் முன்னால் இப்படிக் காலை வாருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாமேல் கோபமும் அழுகையுமாக வந்தது.

ஆனால் அவள் பேச்சை நிறுத்தவில்லை. சாக்ஸ் காலோடு நுனியில் எழும்பி, முட்டியை மடக்கி, தன் குதிகாலைத் தொட்டுக் காட்டினாள். உடை தைப்பவரைப் பார்த்து, உள்ளே இருக்கிற ஆள் தன் பாதத்தில் சாதாரணமாக நடக்கட்டும், கெண்டைக்காலுக்குப் பின்னால் ஸ்பாஞ்சில் ஒரு பொய்க் குதிகால் தைத்துவிடுங்கள், தொடையின் முன்பக்கம் கொஞ்சம் புடைக்க வையுங்கள், பார்க்கிறவர் கண்ணுக்கு முயலின் கால் தானாகத் தெரியும் என்றாள். அந்தப் பெண்மணி அளவு நாடாவோடு மேடையில் மண்டியிட்டு அம்மாவின் காலை அளக்கத் தொடங்கிவிட்டார். எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு தடிமன், ஓடினால் தடுக்காதா என்று கேள்விமேல் கேள்வி. அம்மா ஒன்றுக்கும் திணறவில்லை. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. முரட்டு மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்கிற குரல் அது என்று அப்பா பிற்பாடு சொன்னார்.

சிரித்தவர்களில் சிலர் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரையும் எழுந்து குதிகாலைத் தூக்கச் சொன்னாள். எழுந்தார்கள்! தலைமை ஆசிரியை கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாக்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கூடமே நுனிக்காலில் தள்ளாடியது. சோபா பையன்தான் எல்லோரையும்விட அதிக நேரம் விழாமல் நின்றான். குதிகாலை இறக்கியதும் என் படத்தின் கிட்டே வந்து, தன் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது என்றான்.

என் முயல் ஜெயித்தது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன். அப்பா வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “அது பக் இல்ல, ஃபீச்சர்னு நான் அப்பவே சொன்னேன்” என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை மைக்கில் அம்மாவைத் திரும்ப மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கி, வேஷம் தைக்கும்போது வந்து பார்க்க டாக்டருக்கு நேரமிருக்குமா என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போய்விட்டார். திரும்பும்போது அம்மா காரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து என் வெற்றியை எனக்கே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டு வந்தேன். எல் கமினோ சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அம்மா திரும்பாமல் கேட்டாள்.

“மைக்ல கூப்பிட்டாங்களே கண்ணு, என்னை என்னன்னு கூப்பிட்டாங்க?”

“டாக்டர்னு.”

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கும்வரை கார் நகரவில்லை. அடுத்த சிக்னலில் அதையே மறுபடி கேட்டாள். சொன்னேன். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு எரிச்சலாகிவிட்டது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அம்மாவுக்கு இவர்கள் பேசுகிற ஆங்கிலம் பிடிபடவில்லையே என்று நினைத்தேன். சுலபமாகப் புரியட்டும் என்று டி, ஓ, சி, டி, ஓ, ஆர் என ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, சத்தமாகச் சொன்னேன். அம்மா காரை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.