எட்டு ஒயரும் கீழ்வீட்டு அக்காவும்

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் வீட்டின் கேட்டுக்குள்ளேயே என் பைக் பேட்டரி இரண்டு முறை திருடுபோனது. முன்பு வைத்திருந்த வைஃபை கேமராவின் அடாப்டரை உப்புக்காற்று அரித்துவிட்டது. இந்த முறை ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகிற கேமரா மூன்று வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சுவரைத் துளைத்து மாட்டினேன்.

மாடி, படிக்கட்டு கேமராக்கள் உடனே வேலை செய்தன. கேட் கேமரா மட்டும் உயிர் பெறவில்லை. கேபிள் முனையை வெட்டி, உள்ளே இருக்கும் எட்டு ஒயரையும் அடுக்கி இரண்டு முறை புதிதாகப் பிளக் போட்டும் கேமராவின் லைட் எரியவில்லை.

ஏணியில் நின்றிருந்தபோது கீழ்வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"இன்னாபா, கேமரா எங்க வூட்டு வாசலயே பாத்துகினு கீது? நான் தலய தொவட்டிகினு வந்தாகூட உன் போன்ல தெரியுமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதை நான் யோசிக்கவேயில்லை.

"திருப்பிடறேன்க்கா. இப்ப படமே வரல."

"ஏன் வரல?"

சொன்னேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். மணலிப் பக்கம் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட் பக்கத்து முனையைப் பார்த்தார். பிறகு மாடியேறி எங்கள் வீட்டிலிருந்த, கடையிலேயே பிளக் போட்டுத் தந்த மறுமுனையையும் பார்த்துவிட்டு வந்தார்.

"மேல நாலாவது ஒயரு நீலம். இங்க நாலாவது பச்ச. எட்டும் ஒரே வரிசயா வர வேணாவா?"

பச்சைக் கோடு போட்ட வெள்ளை ஒயருக்குப் பக்கத்தில் முழுப் பச்சை என்று நானாக அடுக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் அதே தப்பு. வெட்டி, அவர் சொல்லச் சொல்ல நிறங்களை அடுக்கி அழுத்தினேன். லைட் எரிந்தது.

அதன் பிறகும் அவர் விடவில்லை. கேமரா படம் தெரியும் எங்கள் வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஏணியில் நின்று கேமராவைத் திருப்பினேன்.

"இன்னும் அந்தாண்ட! எங்க வாசப்படி தெரிது!" மேலிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்!"

நான் மேலே போனபோது என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். திரையில் கேட்டும் பைக்கும் தெருவின் ஒரு துண்டும் தெரிந்தன. அவர் வாசல் இல்லை.

"தண்ணி லாரி வந்தா இதுல தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்க்கா."

"அப்ப எனக்கும் ஒரு கொரல் குடு."

இப்போது லாரி தெருவுக்குள் திரும்பினால் என் மனைவி பால்கனியிலிருந்து கூப்பிடுகிறாள். குடங்களோடு முதலில் நிற்பது பெரும்பாலும் அந்த அக்காதான்.