கேட்டில் பிடிபட்ட காப்பர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியின் கேட்டில் பத்தொன்பது வருஷமாகச் செக்யூரிட்டியாக நிற்கிறேன். பெயர் தமீம் அன்சாரி, ஊர் பழவேற்காடு. இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் நான் கேட்டு பாய். யாரையும் நம்ப மாட்டேன். நம்புவதற்கா சம்பளம் தருகிறார்கள்? சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் பேரிங் கொண்டுபோனவனைப் பிடித்திருக்கிறேன். காலில் அடிபட்ட மாதிரி கட்டுப் போட்டு, உள்ளே காப்பர் ஒயரைச் சுற்றியிருந்தவனையும் பிடித்திருக்கிறேன். சிரித்துப் பேசுகிறவனாக இருந்தால் இன்னும் இரண்டு தரம் தடவிப் பார்ப்பேன்.

மணவாளன் சிரித்துப் பேசுகிறவன். பொன்னேரிக்காரன். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் இருக்கிறான். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு புகார் போதும், பாஸைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு, ரயிலில் வந்த கூட்டத்தோடு உள்ளே நுழைந்தான். பையைத் தூக்கி, பிரித்துப் பார்த்தேன். உள்ளே கறுத்துப் போன துண்டு ஒன்று கிடந்தது.

“இன்னாய்யா இது, இந்தக் கனம் கனக்குது?”

“காப்பர் பாய். காயலான் கடையில வாங்கினேன். வெல்டர் அண்ணன்கிட்ட ரெண்டு பைப்பு பத்த வெச்சுக்கினு மத்தியானம் எடுத்துக்கினு போயிடுவேன். ஊட்டுல கம்ப்யூட்டருக்கு. தண்ணி விட்டுக் கூல் பண்ணப் போறேன்.”

“கம்ப்யூட்டருக்குத் தண்ணியா? யாருக்குய்யா காது குத்துற?”

நின்றபடியே கதையைச் சொன்னான். அவன் மனைவி ஜோதிலட்சுமி ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறாள். வீடு ஒரே ஒரு அறை. கம்ப்யூட்டர் சூடானால் உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் பகலில் கண் மூட முடியாது. போன மாதம் ரோலர் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டான். சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் கை போயிருக்கும். சத்தமில்லாத வாட்டர் கூலர் கடையில் இருக்கிறதாம், விலை கேட்டால் மயக்கம் வருமாம். அதனால் பழைய காரின் குட்டி ரேடியேட்டர், மீன் தொட்டி மோட்டார், பிளாஸ்டிக் டியூப் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறான். கம்ப்யூட்டருக்குள் சூடாகிற சிப்பின் தலையில் உட்கார இந்தக் காப்பர் கட்டி ஒன்றுதான் பாக்கி. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வெளியே எடுத்துவிடும் என்றான்.

வெளிப்பொருள் எது உள்ளே வந்தாலும் வரவு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெளியே போகும்போது அது கம்பெனிப் பொருள். பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த சட்டம் அது. ஆனால் உள்ளே போகிற பையை நான் பெரிதாக மதித்ததில்லை. திருடுகிறவன் வெளியேதானே கொண்டுபோவான்?

“எழுத வேணாமா பாய்?” என்று அவனேதான் கேட்டான்.

“போய்யா, பின்னாடி ஜனம் நிக்குது” என்று தள்ளிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு என் போதாத காலம், பெர்சனல் ஆபீசர் பார்த்திபன் சார் திடீர் சோதனைக்கு வந்து கேட்டில் நின்றார். மணவாளன் பையைத் திறந்தான். காப்பர் கட்டி தேய்த்து மெருகேறி, இரண்டு பைப் முளைத்துப் பளபளவென்று இருந்தது.

“பாய், ரிஜிஸ்டர்ல இருக்கா?”

இல்லை என்று தெரிந்தும் பக்கத்தைப் புரட்டி விரலை ஓட்டினேன். “இல்ல சார்.”

“காலைல இது உள்ள வந்ததைப் பாத்தியா?”

மணவாளன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் துளி பயமில்லை. பாய் சொல்லிவிடுவார் என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு.

“கவனிக்கல சார்” என்றேன்.

பச்சைப் பொய். பார்த்தேன் என்றால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார், சேர்த்து வைத்த பெயர் அன்றோடு போய்விடும். என் புத்தியும் உடனே ஒத்து ஊதியது: காலையில் பார்த்தது கறுத்துப் போன துண்டு, இது பளபளக்கிறது. அதை உள்ளே போட்டுவிட்டுக் கம்பெனிக் காப்பரை எடுத்துக்கொண்டானோ என்னவோ. வெல்டரும், கம்பெனியின் வெல்டிங் கேஸில் சொந்த வேலை செய்ததற்குத் தன் தலை உருளும் என்று வாயைத் திறக்கவில்லை. பாஸைப் பிடுங்கினார்கள். காப்பரை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிபட்ட திருடன் கத்துவான், காலில் விழுவான். இவன் ஒன்றும் பேசாமல் போனானே, ஏன்? கம்ப்யூட்டர் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? பொய்யாக இருந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொண்டது. நான்காம் நாள் எனக்கு வீக்லி ஆஃப். ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய், மார்க்கெட் பின்னால் விசாரித்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, யாரென்று சொன்னேன்.

“கேட்டு பாயா? வாங்க பாய்” என்றாள் ஜோதிலட்சுமி. “அவரு டூட்டிக்குப் போயிருக்காரே, உங்களுக்குத் தெரியாதா?”

பாஸ் போனதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை.

உள்ளே கம்ப்யூட்டர் அலறிக்கொண்டிருந்தது. திரையில் யாரோ ஒரு மணப்பெண் மாலை மாற்றிக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் குட்டி ரேடியேட்டர், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மீன் தொட்டி மோட்டார், நீளம் பார்த்து வெட்டிய டியூப். அவன் சொன்னதில் ஒரு பொருள் குறையவில்லை.

“அந்தக் காப்பர் ஒண்ணு வந்துட்டா மாட்டிடலாமாம் பாய்” என்று சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள். “கேட்டு பாய் பத்திரமா வெச்சுக்கினு இருக்காரு, எழுதினதும் குடுத்துடுவாருன்னு சொன்னாரு. இப்ப இன்னா தெரியுமா, நாலு நாளா ஊட்டுக்கு வந்ததும் அசந்து தூங்கிடறாரு, இந்தச் சத்தத்துலயும். தோள்ல தோலு உரிஞ்சி கெடக்குது. கேட்டா மிஷின்ல இடிச்சிக்கினேன்றாரு.”

இத்தனை வருஷம் சந்தேகப்பட்டே பழகிய மூளைக்கு அது புரிய நேரமாகவில்லை. டூட்டிக்கு என்று சொல்லிவிட்டு, இங்கேயே ஏதோ ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். அவள் டீ போட எழுந்தாள். வேண்டாம்மா என்று தெருவுக்கு வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பார்த்திபன் சார் முன்னால் போய் நின்றேன். அன்றைக்குக் காலையில் பையைப் பார்த்தது நான், எழுதச் சொல்லியும் எழுதாதது நான், பொய் சொன்னதும் நான் என்று ஒப்பித்தேன். அவன் வீட்டில் போய்ப் பார்த்ததையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“அவன் வீட்டுக்குப் போனியா? சரி, என்ன கைமாறுச்சு பாய்?”

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெல்டரைக் கூப்பிட்டு விசாரித்தார், அவனும் நடந்ததை ஒத்துக்கொண்டான். எனக்கு மெமோ அடிக்கச் சொல்லிவிட்டு, மணவாளனின் பாஸை மேஜைமேல் போட்டார். “நீயே போன் பண்ணிச் சொல்லு.”

அங்கேயே நின்று கூப்பிட்டேன்.

“மணவாளா, கேட்டு பாய் பேசறேன். உன் பாஸ் வந்துடுச்சுய்யா. நாளைக்கு டூட்டிக்கு வா. காப்பரையும் எடுத்துக்கினு போ.”

அந்தப் பக்கம் மூட்டை விழும் சத்தம் கேட்டது.

“எதுக்கு பாய்?”

“இன்னாய்யா எதுக்கு?”

“நான் வந்து கையில வாங்கினதும் மறுபடியும் என்னைப் புடிச்சுக் குடுக்கவா?”

“அல்லா மேல சத்தியமா இல்லய்யா. நான் எழுதியே குடுத்துட்டேன்.”

“பக்கத்துல சார் இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்ப அவருகிட்ட குடுங்க. நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்.”

போனைப் பார்த்திபன் சாரிடம் நீட்டிவிட்டு, வெளியே வந்து நின்றேன்.