என் நெஞ்சில் கேட்ட அக்காவின் மூச்சு

என் அக்கா மூச்சிளைப்பு நோயில் இறந்தாள். அடுத்த வருஷமே அவள் கணவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் படுத்த அதே அறை, அவள் நூல் சுற்றிய அதே ராட்டை. வெண்ணந்தூரில் தறிக்காரர் வீடு; எங்கே தொட்டாலும் பஞ்சுத் தூசி. 1978 மார்கழியில் ஒரு விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டது. விசில் மாதிரி. அக்கா கடைசியில் இழுத்த அதே இழுப்பு. ஐயோ, அது என் நெஞ்சிலிருந்துதான் வந்தது!

மாமியார் பதறிவிட்டார். "செத்தவ உன்மேல வந்து உக்காந்துட்டா சாமி. அவளை ஓட்டோணும்" என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, சாம்பிராணியோடு மிளகாயும் போட்டுப் புகை மூட்டினார். கெட்டவர் அல்ல, என்மேல் உயிரையே வைத்திருந்தவர். நான் மூச்சுக்குத் தவிக்கத் தவிக்க, பேய்தான் துடிக்கிறது என்று இன்னும் ஒரு கைப்பிடி போட்டார். நானும் நம்பினேன். கண்ணை மூடினால் அக்கா என் மார்மேல் உட்கார்ந்திருந்தாள். என் மகள் அப்போது பால்குடி மறக்கவில்லை. தாயில்லாப் பிள்ளையாகிவிடுவாளே என்று அழுதேன். "மாரியாத்தா, வந்திருக்கிறது அக்காவா, நோவா? நீயே சொல்லிவிடு" என்று வேண்டினேன்.

மறுநாள் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் பேய் ஓட்டுபவர், வெள்ளை வந்தால் டாக்டர். பூசாரி எடுத்தது வெள்ளை. மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை.

"இன்னொருக்கா எடுங்க சாமி."

மறுபடியும் வெள்ளை!

"ஆத்தாளே சொல்லிப்போட்டாளுங்கம்மா. இனி என்னத்துக்கு ரோசனை? டாக்டர்கிட்டப் போலாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

ராசிபுரத்து டாக்டர் ஊசி போட்டார். இழுப்பு தணிந்ததும், வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "அந்தப் புகையே ஆளைக் கொன்னுரும்மா" என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அதைச் சொன்னார். கடைசி நாளில் அக்காவுக்கும் அதே அறையைச் சாத்தி, அதே புகையைத்தான் போட்டார்களாம்.

அன்றோடு ராட்டை வாசலுக்குப் போனது. மூக்கில் துணி கட்டாமல் நான் நூலைத் தொடுவதில்லை. மாத்திரை எப்போதும் மடியில் இருக்கும். பிறகு வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிற பம்பு வந்தது. டாக்டர் சொன்னபடி தவறாமல் எடுக்கிறேன். மாமியார் சாகும்வரை சாம்பிராணியைத் தொடவில்லை. யாராவது அக்கா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இன்றும் பனிக்காலத்தில் நெஞ்சு லேசாக விசிலடித்தால் அக்கா ஞாபகம் வருகிறது. பயம் போய்விட்டது. பாவம், என்ன பாடு பட்டாளோ என்று அழுகைதான் வருகிறது. என் மகளை நான் வளர்த்து ஆளாக்கினேன் என்றால் அது ஆத்தா போட்ட பிச்சை.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஆத்தாளை நம்புங்கள். மனமுருகிக் கேளுங்கள், கட்டாயம் வழி காட்டுவாள். ஆனால் கும்பிடக் கை தூக்குமுன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.