உப்புக் கரிக்கும் பிள்ளை

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லேபில் ஜெர்லினுக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். ஒரு பரிசோதனை முடிவில் சந்தேகம் வந்துவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டாள். வேலை தெரிந்தவள். அதை மறைத்துக்கொள்ளும் வழக்கமும் அவளிடம் இல்லை.

2007 கோடையில் பட்டினச்சேரியிலிருந்து அஞ்சுகம் தன் இரண்டு வயது மகன் அருள்ராஜைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓயாத இருமல், என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. முத்தம் கொடுத்தால் பிள்ளை உப்புக் கரிக்கிறான் என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான் டாக்டர் மீரா சாகிப் வியர்வைப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார். வியர்வையில் உப்பு மிதமிஞ்சி இருந்தால் அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயாக இருக்கலாம்.

"கடக்கரைப் புள்ள கரிக்காம இனிக்குமாங்குறாரு எங்க வூட்டுக்காரரு," என்றாள் அஞ்சுகம்.

"காத்துல வர்ற உப்பா, உள்ளேருந்து வர்ற உப்பான்னு நான் சொல்றேன். புள்ளையப் புடிங்க."

முன்கையில் மருந்து வைத்து, லேசாக மின்சாரம் செலுத்தி, வியர்த்த இடத்தில் வடிதாளை ஒட்டிக் கட்டினாள் ஜெர்லின். அரைமணி கழித்து எடுத்துச் சோதித்ததில் உப்பு எக்கச்சக்கம். டாக்டரிடம் சொல்லப் போனை எடுத்தவள், அஞ்சுகத்தின் விரல்களைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"காலையில என்ன வேலை பாத்தீங்க?"

"கருவாட்டுக்கு உப்புப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன்க்கா."

கட்டு நழுவியபோது தாளை அமுக்கிப் பிடித்ததும் அந்தக் கைதான். கை கழுவச் சொல்லாத தன் மேலேயே ஜெர்லினுக்கு எரிச்சல் வந்தது. அந்த முடிவைத் தூக்கிப் போட்டாள். அஞ்சுகத்தைத் தள்ளி உட்காரவைத்து, பிள்ளையின் மறு கையைக் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அவன் ஊரைக் கூட்டினான். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை குறைவாக வந்துவிட வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. குறையவில்லை.

டாக்டரிடம் பேசிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர் சந்தேகப்பட்ட அந்த நோய்தாங்க. செரிக்க மாத்திர இருக்கு, சளி எடுக்குற பயிற்சி இருக்கு, நாளைக்கே டாக்டரப் பாருங்க. வேர்வையிலயே உப்பெல்லாம் போயிடுது. வெயில் காலத்துல இவனுக்கு உப்பு கூடவே போட்டுக் குடுக்கணுமாம்."

அஞ்சுகத்தின் முகம் வெளுத்தது. "கூடவா? புள்ள கரிக்கிறானேன்னு ஆறு மாசமா அவன் கஞ்சியில நான் உப்பே போடலக்கா."

ஜெர்லின் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தில் உப்பைத் தூவிப் பிசைந்து அவள் கையில் கொடுத்தாள்.

"தெரியாமப் பண்ணுனீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல, ஊட்டுங்க."

அஞ்சுகம் ஒரு வாய் ஊட்டினாள். முதல் வாயை விழுங்கிய பிள்ளை, அவள் அடுத்ததை எடுப்பதற்குள் டப்பாவுக்குள் கைவிட்டான்.