பார்க்காமல் சுற்றிக் கொடுத்த பிள்ளை

வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிய பொட்டலம் அது. இலையின் மேல் சாரல் துளிகள் நின்றன. பூக்காரி அதை என் மேசையில், திறந்திருந்த பிரசவப் பதிவேட்டின் மேலேயே வைத்தாள். உள்ளே பிச்சிப்பூ இருப்பது வாசனையில் தெரிந்தது. மை கலைந்துவிடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பொட்டலத்தை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, ஈரமான பக்கத்தின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நர்ஸம்மா, பிள்ள பெத்தவளுக எல்லாரையும் வீடு வீடாப் போயிப் பாக்குதிய. எங்க தம்பி பொண்டாட்டி மட்டும் என்ன, பூசணிக்காயா பெத்தா?"

தென்காசியில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் பயிற்சி முடித்து, சான்றிதழை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம். பூக்காரியை எல்லோருக்கும் தெரியும். சீசன் மாதங்களில் குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். மற்ற மாதங்களில் தென்காசியில் கோயில் வாசலில் இருப்பாள்.

அவள் தம்பி புளியறையில் லாரிகளில் மரத்தடி ஏற்றுகிறவர். அவருடைய மனைவிக்கு ஒன்பது நாட்களுக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்து பிறந்தது. தலைப்பிள்ளை. மூன்றாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினோம். பிரசவமான பெண்களைப் பத்து நாள் வரை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் அந்தப் பட்டியல் பிள்ளையின் எண்ணை வைத்துப் போடப்பட்டது. எடை, தொப்புள், பால் குடிக்கிறதா என்று கட்டங்கள் இருந்தன. பிள்ளை இல்லாதபோது நிரப்பக் கட்டங்கள் இல்லை. அதனால் அந்த எண்ணின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கோடு. அதோடு தாயும் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போனாள் என்பதைப் பூக்காரி வந்து கேட்கும் வரை நான் கவனிக்கவில்லை. அந்தக் கோட்டை அவளிடம் காட்டினேன்.

"காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ஒரு பக்கம் கல்லாக் கட்டிக்கிட்டு. தெனமும் பூ கொண்டுபோயி வச்சிக் கட்டுதேன். நான் அங்கன திரும்புனதும் அவுத்து எறிஞ்சிருதா."

பால் வற்றுவதற்குப் பிச்சிப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை. துணியால் இறுகக் கட்டு, பீய்ச்சாதே, பேதி உப்புக் கொடு என்று மூன்று வரிகள் சொல்லித் தந்தார்கள். நான் பையையும் பூப்பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அவளோடு தம்பி வீடு இருந்த மேலகரத்துக்கு நடந்தேன்.

வாசற்படியில் தம்பி தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு வழிவிட நகர்ந்தாரே தவிர நிமிரவில்லை. ஒன்பது நாளாக வேலைக்குப் போகவில்லை என்று பூக்காரி சொன்னாள். துக்கம் கேட்க வந்த இரண்டு பெண்கள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். "அழுவணும்னா ஒங்க வீட்டுல அழுது முடிச்சிட்டு வாங்க தாயி, இங்கன எடமில்ல" என்று அவள் குறுக்கே நின்றாள். தினமும் பூ விற்றுவிட்டு வந்து உலை வைத்து, பானை நிரப்பி, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவதும் அவள்தான். மதினி, அதாவது நாத்தனார், என்ற முறையில் அவளுக்கு இது கடமை அல்ல. அவளுக்கும் வீடு இருந்தது.

உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் நூற்றிரண்டு. இடது மார்பு சிவந்து கெட்டித்திருந்தது. வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பாலை இறக்க வேண்டும், டாக்டரம்மாவிடம் சொல்லி பென்சிலின் போட வேண்டும், பிறகு கட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ரவிக்கையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இதுவும் வத்திட்டா அவன் வந்ததுக்கு அடையாளமா எனக்கு என்ன இருக்கு?" என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கதான எடுத்தீங்க. எப்படி இருந்தான்னு சொல்லுங்க. சொன்னாத்தான் தொட விடுவேன்."

இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பார்க்காத பிள்ளையைச் சீக்கிரம் மறந்துவிடுவார்களாம். நான் அவளுக்குக் காட்டவில்லை. எடை போட்டு, அளந்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்தேன். இப்போது அவள் கேட்டதும் பதிவேட்டில் எழுதியது மட்டும் எனக்கு வரிசையாக நினைவு வந்தது. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிஷம் என்றேன். ஆண். ஐந்தே முக்கால் பவுண்டு. பத்தொன்பது அங்குலம். தலை நிறைய முடி. உடம்பில் குறை எதுவும் இல்லை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை லேசாக அசைத்தாள். யாரும் அதுவரை அவளுக்கு ஆண் பிள்ளை என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"யார் சாடை?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை என் கையில் நான்கு நிமிஷமாவது இருந்திருக்கும். முள் தராசைப் பார்த்தேன், அளவு நாடாவைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. சமாளித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். "நான் பாக்கலம்மா" என்றேன்.

அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"மூக்கு ஒன்ன மாதிரி" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

தம்பி எழுந்து நிலைப்படியில் நின்றிருந்தார். பூக்காரி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "ஏலே! ஒம்பது நாளா இத வாய்க்குள்ள வச்சிக்கிட்டா ஒக்காந்திருந்தே? முட்டாப்பய மவனேன்னு வையலாம்னா அது நம்ம ஐயாவுக்குல்லா போயிச் சேரும்!"

"பேச்செடுக்கக் கூடாதுன்னாங்க" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில வச்சிச் சொன்னாங்க."

சொன்னது நான்தான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்புகளில் ஐந்தாவது அது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னபடி நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் வெப்பமானியை உதறி உறையில் போட்டேன்.

பிறகு அவர் நின்றபடியே சொன்னார். மேலகரம் வரும் வழியில் சாரல் வலுத்ததால் ஒரு மரத்தடியில் ஒதுங்கினாராம். துணி நனைகிறதே என்று விலக்கிப் பார்த்தாராம். தூங்குகிற மாதிரி இருந்தான், காது என்னோடது, மடல் ஒட்டி இருந்தது, கீழ் உதட்டில் சின்னக் குழி, முகத்தில் விழுந்த தண்ணியைத் துடைத்தேன் என்றார். ஒன்று சொல்லி, நிறுத்தி, அடுத்ததைச் சொன்னார். அவள் ஒவ்வொரு முறையும் "பொறவு?" என்று கேட்டாள். சொல்ல எதுவும் மிச்சமில்லாதபோது, "எங்கன வச்சிருக்கு?" என்றாள்.

"சித்தாத்தங்கரையில. மேட்டுல. தண்ணி ஏறாது. காய்ச்சல் விடட்டும், கூட்டிட்டுப் போறேன்."

பூக்காரி வெந்நீர் போட எழுந்து போனாள். சிறிது நேரம் கழித்து அந்தப் பெண் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "வாங்க மதினி" என்று கட்டுவதற்கு வசதியாக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அவள் அழவில்லை. வேறு யாரும் அழவில்லை. ஒற்றடம் கொடுத்து நான் பாலை இறக்கினேன். அது கிண்ணத்தில் சேர்வதைப் பெண்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பூக்காரி பூவை வைத்துக் கட்டினாள். ஊசி ஐந்து நாள் போட்டேன். ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை. அடுத்த வாரம் அவர்கள் இருவரும் ஆற்றங்கரைக்குப் போய்வந்ததாகப் பூக்காரி சொன்னாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் இப்போது வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பதிவேடு அதேதான், கட்டங்களும் அவைதான். சென்ற சீசனுக்குக் குற்றாலம் போனபோது பூக்காரியைப் பார்த்தேன். "என்ன நர்ஸம்மா, இப்பவாது எல்லாரையும் லிஸ்ட்ல சேக்குதியளா, இல்ல கோடுதானா?" என்றாள். சேர்க்கிறேன் என்றேன்.

தாயின் பெயரில் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை இல்லாவிட்டாலும் பத்து நாளும் போகிறேன். இறந்து பிறந்தால் சுற்றுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பார்க்கிறாயா என்று தாயைக் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்போதும் நெற்றி, மூக்கு, காது, மோவாய் என்று எழுதி வைக்கிறேன். ஒருத்தி ஏழு மாதம் கழித்து வந்து கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.

நோட்டின் முதல் பக்கத்தை மேலகரத்துப் பிள்ளைக்கு விட்டிருக்கிறேன். நேரமும் எடையும் நீளமும் எழுதியிருக்கின்றன. மூக்கு அம்மாவைப் போல என்று எழுதிவிடலாம். பேனாவை எடுத்தும் பார்த்தேன். அதைப் பார்த்தவர் வேறொருவர். அந்த வரி காலியாகவே இருக்கிறது.