பஞ்சு தொட்ட இடம்

அன்றைக்கு ஆயாக்கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்தான். வெள்ளை உடுப்பும் வெள்ளைச் சப்பாத்துமாக மிஸி. அம்மா. அம்மாவின் இடுப்பில் தம்பி. அம்மாவின் முந்தானைக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நான். பக்கத்து வீட்டு அக்கா. தொட்டில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்த ஆயா. கடைசியாக வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்ட மாமா. இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஞாபகசக்தி அல்ல, பயம். என்னைப் பிடித்துக்கொண்டு போகும்போது இவர்களில் யார் தடுப்பார்கள், யார் சும்மா நிற்பார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். எஸ்டேட் கிளினிக்கில் இருந்த இந்த மிஸிக்கு நாற்பது வயதிருக்கும். தமிழ் கிறிஸ்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை. லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிரங்கு பரவியிருந்தது. கிளினிக்குக்கு வரச்சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் கொட்டகைக்கே வந்து உட்கார்ந்து, வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

எனக்கு இருந்தது சிரங்கு இல்லை. இடது கன்னத்தில் வெளுத்துப்போன ஒரு வட்டம். மலைக் குளிரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னம் வெடிக்கும். ஆனால் என்னுடையது வெடிப்பு அல்ல, நிறம் போன இடம். அதைத் தண்ணீர்க் குழாயடியில் முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு அக்காதான். நான் பக்கத்தில் வாளியோடு நிற்கும்போதே அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இத சும்மா விடாதீங்கலா. சுங்கை பூலோ மாதிரி இருக்கு."

சுங்கை பூலோ என்பது கீழே, கோலாலம்பூர் போகிற வழியில் இருக்கும் ஊர். தொழுநோய்க்காரர்களை அங்கேதான் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் லயத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை, ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். அவனுக்கு சுங்கை பூலோ, இவள் அம்மாவுக்கு சுங்கை பூலோவாம் என்பார்கள். வேன் வரும், ஏற்றிக்கொண்டு போகும், பாயையும் கம்பளியையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். படித்தது மறந்துவிட்டது, கேள்விப்பட்டது ஒன்றுகூட மறக்கவில்லை. அன்றிலிருந்து மலைப்பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். குளிக்கும்போது தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு அந்த வட்டத்தைத் தேய்தேயென்று தேய்த்தேன். அது போகவில்லை. சுற்றியிருந்த தோல்தான் சிவந்து உரிந்து, முன்பைவிட அசிங்கமாகிவிட்டது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. வீட்டு அடுப்பிலிருந்து கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டை இடது கையின் வெறும் விரல்களால் எடுப்பார். அவசரமே இல்லாமல் சிகரெட்டைப் பற்றவைப்பார். பிறகு கரியை எங்கே எடுத்தாரோ அங்கேயே வைப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே சாயங்காலம் பிள்ளைகள் எங்கள் வாசலில் கூடுவார்கள்.

"அடுப்புகிட்டயே கெடந்து நெருப்பு நமக்குக் கூட்டாளி ஆயிடுச்சு" என்பார்.

என் மாமாவை நெருப்பு சுடாது என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத பிள்ளை கிடையாது. விரலில் எப்போதாவது கொப்புளம் இருக்கும். கேட்டால் சிரிப்பார்.

அன்று மிஸி தோலைப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதலில் கொட்டகை விளக்கை அணைக்கச் சொன்னார். பெஞ்சை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். யாரையும் உடனே தொடவில்லை. முதலில் தள்ளி நின்று முழு ஆளையும் பார்ப்பார். பிறகு கிட்டே வருவார். பிறகு தலையைச் சாய்த்து, தண்ணீரின் மேல்மட்டத்தைப் பார்ப்பதுபோலப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பார். மேடா பள்ளமா சமமா என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியுமாம். அதற்கப்புறம்தான் விரல் வரும். அழுத்தினால் சிவப்பு மறைகிறதா, இழுத்தால் ஓரம் தெரிகிறதா, நகத்தால் லேசாகக் கீறினால் மாவு உதிர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் பார்த்தவரை எங்கள் தோலை அப்படி மரியாதையாக யாரும் பார்த்ததில்லை. பார்ப்பவர்கள் கறுப்பு என்பார்கள் அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

தம்பியின் விரலிடுக்கை விரித்து, பென்சிலால் கிழித்ததுபோல இருந்த மெல்லிய கோடுகளைக் காட்டினார். அது சிரங்குப் பூச்சி நடந்துபோன வழியாம். வீட்டில் எல்லாருமே மருந்து பூச வேண்டும் என்றார். ஆறவே மாட்டேனென்கிறது என்று அம்மா காட்டிய கணுக்கால் புண், அட்டை கடித்த இடத்தை இரவெல்லாம் சொறிந்ததால் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தனக்கு ஒன்றுமில்லை, சும்மா துணைக்கு வந்தேன் என்றார். அவர் இடுப்பைச் சொறிந்ததை மிஸி பார்த்துவிட்டார். தொட்டில் சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி அந்தப் பக்கம் கூட்டிப்போனார். சேலைக்குக் காதை மறைக்கத் தெரியாதே, எல்லாருக்கும் கேட்டது.

"வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சிருக்கு. படர்தாமரைமா இது. கொழுந்து எடுக்கறப்ப ஈர பிளாஸ்டிக்க நாள் பூரா இடுப்புல கட்டிக்கிறீங்கல்ல, அதான். காயவைக்கணும்."

வெளியே வந்த அக்கா மருந்து டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகு என் முறை. அம்மா என்னை முன்னால் தள்ளினார். தள்ளிய கை என் சட்டையை விடாமல் பிடித்திருந்ததில் எனக்கு இன்னும் பயம் கூடியது. மிஸி தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார். கன்னத்தை நகத்தால் கீறியபோது மெல்லிசாக மாவு உதிர்ந்தது.

"இந்த நடுவுல வெளுத்திருக்கே, இது தேமல். சுத்தி செவந்திருக்கே, இது யாரு செஞ்சது?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேங்காய் நாரா, செங்கல்லா என்று கேட்டார். நார் என்றேன். தேமல் தானாகவே போய்விடும், நார்க் காயத்துக்குத்தான் மருந்து வேண்டும் என்று சொன்னதும் மாமா வாசலிலிருந்து உரக்கச் சிரித்தார்.

அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. அது இல்லையே, அது இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். எது என்று மிஸி கேட்கவில்லை, ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து நுனியைத் திரித்து மெல்லிய இழையாக்கினார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பஞ்சு தொடுகிற இடத்தில் நான் விரலை வைக்க வேண்டும், இது ஒரு விளையாட்டு என்றார். நெற்றியில் தொட்டார், வைத்தேன். முழங்கையில் தொட்டார், வைத்தேன். வெளுத்த வட்டத்தின் நடுவில் தொட்டதும் கூச்சத்தில் சிரித்தே விட்டேன். அம்மா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இது ஒரு விளையாட்டா? நா தூங்கிக்கிட்டே சொல்லுவேன்" என்றார் மாமா.

மிஸி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்ததால் மாமாவின் கைகளில் வேர்வையோடு தேயிலைத் தூசி அப்பி, பழுப்புச் சட்டை போட்டதுபோல் இருந்தது. இடது முன்கையில் மட்டும் ஓரிடத்தில் வேர்வையும் இல்லை, தூசியும் இல்லை. ஒரு ஐம்பது காசு நாணயத்தின் அகலம்தான். துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக, கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்திருப்பார். தினமும் பார்க்கிற கைதானே.

மிஸி தள்ளி நின்றே வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "சரி தம்பி, வாங்க. நீங்களும் ஆடிப் பாருங்க" என்றார்.

"என்ன பந்தயம் மருமவளே?" என்று மாமா என்னைக் கேட்டார்.

அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த பெரிய தொகை ஐம்பது காசு. அதைச் சொன்னேன். மாமா கண்ணை மூடிக் கையை நீட்டினார். வலது கையில் மிஸி தொட்ட இடத்திலெல்லாம் டக்டக்கென்று விரலை வைத்தார். பஞ்சு இடது கைக்கு வந்தது. தூசி இல்லாத அந்த இடத்தில் மிஸி தொட்டார். மாமா சிரித்தபடியே இருந்தார். மறுபடியும் தொட்டார். பிறகு விரல் நுனிகளில் தொட்டார். மாமா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"என்ன மிஸி, இன்னும் ஆரம்பிக்கலையா?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா தோத்துட்டாரு, மாமா தோத்துட்டாரு என்று குதித்தேன். மிஸி என்னை அடக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே மாமாவின் முழங்கையின் பின்பக்கத்து நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். ஒரு காகிதத்தை இடது விரல்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். காகிதம் சுலபமாக வந்துவிட்டது. அதிலும் மாமா தோற்றதாக நான் அறிவித்தேன்.

அக்கா எட்டிப் பார்த்து என்ன மிஸி என்றார்.

"நெருப்போட வெளையாடுற ஆளு. விரல்ல காயம் வச்சிருக்காரு, சீழ் பிடிச்சா கைக்கே கேடு. நாளைக்கு கிளினிக் வந்து கட்டு போட்டுக்கணும்" என்று மிஸி கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. லயம் அதைத்தான் நம்பியது.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மறுநாள் கிளினிக் போய்வந்த மாமா கரித்துண்டை எடுக்கவில்லை. தீப்பெட்டியில் சிகரெட் பற்றவைத்தார். பிள்ளைகள் ஏமாந்து திரும்பிப் போனார்கள். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து புகையில் கண் எரிகிறது என்றார். கோலாலம்பூர் பக்கம் பூச்செடி நர்சரியில் மாமாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, மிஸிக்குத் தெரிந்தவர்கள் மூலமாக என்று அக்காவிடம் அம்மா சொல்வது கேட்டது. எங்கள் பாயும் கம்பளியும் அப்படியே இருந்தன. எந்த வேனும் வரவில்லை. மலைக்குக் கீழே தாப்பா போகிற பஸ்ஸில் மாமாவோடு மிஸியும் கூடப் போனார். அன்று அவர் வெள்ளை உடுப்பில் இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நைலக்ஸ் சேலை கட்டியிருந்தார். ஊர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, ஈப்போவில் கல்யாணம் என்றார்.

சுங்கை பூலோவில் இருப்பவர்கள் உண்மையிலேயே பூச்செடி வளர்த்து விற்றார்கள் என்பதும், மாமா அங்கே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரோஜா ஒட்டுப்போடக் கற்றுக்கொண்டார் என்பதும் எனக்குக் கல்யாணம் ஆனபிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். மாமா திரும்பி வந்தார். இடது கையில் உணர்ச்சி முழுதாக வரவில்லை, ஆனால் ஒரு விரல்கூட மடங்கவில்லை. எங்கள் மலையிலேயே திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார், பெண் கட்டினார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இன்னும் ஒரு வருடம் கழித்துப் பார்த்திருந்தால் அந்தக் கை என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். என் பிள்ளைகள் தூங்கும்போது, பஞ்சு திரித்து அவர்கள் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தூக்கத்திலேயே உதறிவிட்டுத் திட்டுவார்கள். எனக்கு அந்தத் திட்டு போதும்.

பஸ் புறப்பட்ட அன்று காலையில், அம்மா எதற்குத் திரும்பத் திரும்ப மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு இருந்த ஒரே கவலை பந்தயக் காசு. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் வலது கையில் பெட்டி இருந்தது. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவினார். உள்ளே சில்லறை கலகலவென்று சத்தம் போட்டது. வெகுநேரம் துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது ஒரு சட்டைப் பொத்தான்.

மாமா அதைப் பார்த்தார். மிஸியைப் பார்த்தார். பிறகு சிரித்து, வந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். பையில் அவ்வளவு காசை வைத்துக்கொண்டு இப்படி ஏமாற்றுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

வந்தபிறகும் அவர் தரவில்லை. எப்போது கேட்டாலும், "குடுத்துட்டா தோத்துட்டேன்னு ஆயிடும்ல மருமவளே" என்பார். பொத்தான் என்னிடம் இருக்கிறது. மாமாவிடமிருந்து வர வேண்டிய பாக்கி, இன்றுவரை ஐம்பது காசு.